பன்னிரண்டாம் நம்பர் டோக்கன்

ஜூலை 8, செவ்வாய்

திரை சலவையிலிருந்து வந்துவிட்டது. பிரித்தால் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். சலவைக்காரரைக் கேட்டால், "வரும்போதே அப்படித்தான் மேடம் இருந்துச்சு" என்கிறார். ஒன்பது வருடமாக எல்லாக் கிழிசலும் வரும்போதே இருந்தவைதான். அலுவலக உதவியாளர் ஊசி நூலோடு உட்கார்ந்துவிட்டார். அவரை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். "இது வழியா ஒரு கண்ணு தெரிஞ்சாப் போதும் மேடம், யாரு வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிருவாங்க நம்ம ஆளுங்க."

பதினெட்டாம் தேதி, நான் சொல்லிக்கொடுக்கும் பாடகர் குழுவுக்குத் தனிக்குரல் தேர்வு. நாற்பது பேர் பின்னால் நின்று பாட, முன்னால் ஒரே ஒரு குரல். செப்டம்பர் கலைவிழாவில் பல்கலைக்கழகத்தின் முகமே அந்தக் குரல்தான். முன்பெல்லாம் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்கே அது போகும். யாரோ அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டினார்கள்: "பாட வராதவர்கள் அப்பா பெயரைச் சொன்னால் போதும்." அதைப் படித்துவிட்டுத்தான் இந்தத் திரையை யோசித்தேன். பாடுகிறவர் திரைக்குப் பின்னால். நடை தெரியாமலிருக்கக் கம்பளம். பேசக்கூடாது, இருமக்கூடாது. பித்தளை டோக்கனில் ஒரு எண். எண்ணுக்குரிய பெயர்கள் அக்காவிடம் உறையில். ஒன்பது வருடத்தில் ஒரு புகார்கூட இல்லை.

என் பெண் இங்கே எம்.ஏ. சேர்ந்தபோது கலைப் பிரிவு இயக்குநர் கேட்டார், இனியும் நீங்கள் நடுவராக இருக்கலாமா என்று. "திரை இருக்கே சார்" என்றேன்.

வீட்டில் அவளைக் கேட்டேன். "நீ பேர் குடுக்கலையா?"

"எனக்கெதுக்கும்மா அதெல்லாம்." வரலாற்றுக் குறிப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "உங்கம்மாவுக்குக் குக்கர் விசிலே சுருதி சேராது. நீ எதுக்குப் பாடணும்?" என்றார்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இந்த வீட்டில் அவள் பாடி ஏழு வருடம் இருக்குமா?

ஜூலை 12, சனி

கிழிசல் தைத்தாயிற்று. கம்பளத்தில் எலி. வேறு விசேஷமில்லை.

ஜூலை 18, வெள்ளி

தேர்வு முடிந்து நாலு மணிக்கே வீடு. டீ போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

பதினாறு பேர். நடுவர்கள் மூன்று பேர்: நான், கீபோர்டு வாத்தியார், வெளியிலிருந்து வந்த ஓர் அம்மா. சுருதி, தாளம், உச்சரிப்பு, உணர்வு, ஒவ்வொன்றுக்கும் பத்து. முதல் ஆறு பேரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

"எண் ஏழு" என்றார் அக்கா.

பாட்டுக்கு முன்னால் ஒரு மூச்சு வந்தது. மூக்கால் சின்னதாக இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, அப்புறம் முதல் ஸ்வரம். பேனா கையிலேயே நின்றுவிட்டது. அந்த மூச்சு என்னுடையது. ஏழு வயதில் என் பெண்ணை முன்னால் நிறுத்தி, வயிற்றில் கைவைத்துச் சொல்லிக்கொடுத்தது. பேர் குடுக்கலைன்னாளே, பொய்க்காரி.

நன்றாகப் பாடினாள். அதுதான் பயமாக இருந்தது. 'உணர்வு'க்கு 9 போட்டேன். போட்டதும் ஒரு சந்தேகம்: வேறு வீட்டுப் பெண் இப்படிப் பாடியிருந்தால் ஒன்பது போட்டிருப்பேனா? பெற்ற பாசம் கையைப் பிடித்து எழுதுகிறதோ? அடித்தேன். 7 போட்டேன். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும், அதையும் போட்டேன். கூடவே ஒரு பெருமையும் இருந்தது. நான் எழுதிய விதியை நானே காப்பாற்றிவிட்டேன் என்று.

பன்னிரண்டாம் எண் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தாழ்ந்த, கொஞ்சம் கரகரத்த குரல். மூச்செடுத்துத் தயாராகிற ஜோடனை எதுவும் இல்லை. வெளியே போனவள் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, சர்வ சாதாரணமாகப் பாட்டுக்குள் வந்தாள். இரண்டாவது அடியில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அந்த மேஜையில் உட்கார்ந்து அழுததே இல்லை. முப்பத்தெட்டு போட்டேன்.

யார் பெற்ற பெண்ணோ.

பெட்டியில் பன்னிரண்டாம் டோக்கன் திரும்பி வரவில்லையாம். அக்கா நாற்காலிக்கு அடியிலெல்லாம் துழாவிவிட்டுப் புலம்பிக்கொண்டு போனார்.

ஜூலை 19, சனி

பதினொரு மணிக்கு உறையைப் பிரித்தார்கள். பன்னிரண்டாம் எண்ணுக்கு நேராக அக்கா படித்தது என் மகளின் பெயர்.

"இன்னொரு தடவை படிங்க."

படித்தார். அதே பெயர்.

ஏழாம் எண் சுவர்க்கோழி. தாவரவியல் மூன்றாம் வருடம், விடுதிப் பெண். எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள் என்று நூலகத்தில் வைத்த பெயர். இரண்டாமிடம், ஒரே ஒரு மார்க்கில்.

நான் அடித்துக் குறைத்தது இரண்டு.

இயக்குநர் கைதட்டினார். "பெத்த அம்மாவுக்கே தெரியாம ஜெயிச்சிருக்கா! உங்க திரைக்கு இதைவிட சர்ட்டிபிகேட் என்ன மேடம் வேணும்?" எல்லோரும் கைகுலுக்கினார்கள். நானும் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

வீட்டு வாசலிலேயே மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்ளோ போட்ட?"

"முப்பத்தெட்டு."

"நான்னு தெரியாமயா?"

"தெரியாம."

ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எத்தனை வருடமாயிற்று, அவளாக வந்து என்னைத் தொட்டு. "ஒரே ஒரு தடவை நீ என்னை யாரோ ஒருத்தி மாதிரி கேக்கணும்மா. அதுக்காகத்தான் பேர் குடுத்தேன். உன் மூச்சை விட்டுட்டு என் மூச்சு எதுன்னு கண்டுபிடிக்கவே ரெண்டு வருஷமாச்சு."

பையைத் திறந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பன்னிரண்டாம் நம்பர் டோக்கன். "இதைத் திருப்பிக் குடுக்க மாட்டேன். அக்காகிட்ட போட்டுக்குடுத்துராதே."

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் மகள் குரல் எனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவள் பாடும்போதெல்லாம் நான் கேட்டது குரலையா? அடுப்படியிலிருந்தே "சுருதி!" என்று ஒரு சத்தம் போடுவேன். அவ்வளவுதான். பதினைந்து வயதில் நிறுத்திக்கொண்டாள். படிப்புச் சுமை என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா?

ஜூலை 21, திங்கள்

சுவர்க்கோழி ஆபீசுக்கு வந்தாள், குழுவில் பின்வரிசைக்குக் கையெழுத்துப் போட. ஒல்லியாக, பெரிய பையோடு.

"ஒரு மார்க்தான் மேடம், பரவால்ல. அக்காகிட்டதானே தோத்தேன்."

"எந்த அக்கா?"

"உங்க பொண்ணுதான் மேடம். தினம் சாயங்காலம் மைதானத்துக்குப் பின்னாடி எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்களே. மூச்சு எடுக்கறது, நிறுத்தறது எல்லாம் அவங்கதான். 'எங்கம்மாவோடது, எனக்கு ஒத்துவரல, உனக்கு நல்லாருக்கு, வச்சுக்கோ'ன்னாங்க."

அந்த மூச்சு அவளிடம் வந்த வழி இதுதான்.

போகிறவள் கதவருகே நின்றாள். "மேடம், மார்க் பட்டியல் பாத்தேன். உணர்வுல எனக்கு ஏழு போட்டிருக்கீங்க. என்ன குறைன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன். இது எனக்குக் கடைசி வருஷம். இருந்தாலும் தெரிஞ்சுக்கறதுக்குத்தான்."

நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் உள்ளேயிருந்து வரணும்" என்றேன்.

எழுதிக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 22, செவ்வாய்

உள்ளேயிருந்து வரணுமாம். என்ன வாய் இது!

ஜூலை 24, வியாழன்

வீட்டில் பாட்டு கேட்கிறது. மாடிப்படியில், துணி மடிக்கையில், குளிக்கையில். காலையில் ஓரிடத்தில் சுருதி ஒரு மயிரிழை இறங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதிசயமா இருக்கே" என்று காபியை உறிஞ்சினார்.

அவள் கிளம்பியதும் இவரைக் கேட்டேன். இவருக்குத் தேர்வுப் பிரிவில் இருபது வருடம். "பேப்பர் திருத்தறவர் ஒருத்தர், இது தன் பையன் பேப்பரோன்னு பயந்து ரெண்டு மார்க் குறைச்சாருன்னா என்ன பண்ணுவீங்க?"

"பையனுக்கு மறுமதிப்பீடு. வாத்தியாருக்கு மூணு வருஷம் பேப்பர் கிடையாது." சொல்லிவிட்டுக் கையிலிருந்த நியூஸ் பேப்பரை இறக்கினார். "யாரும்மா அந்த வாத்தியார்?"

சொன்னேன். பேப்பரை நாலாக மடித்துவைத்தார்.

"இப்ப நீ வாயத் திறந்தா வீட்ல பாட்டு நின்னுரும்" என்றார்.

"தெரியும்."

"திறக்கலன்னா அந்தப் பொண்ணு ஆயுசு முழுக்க 'உள்ளேயிருந்து' தேடிக்கிட்டிருக்கும்."

"தெரியும்ங்க. என்ன செய்யட்டும், சொல்லுங்களேன்."

"என்னைக் கேக்காதம்மா. கேக்கும்போதே உனக்கு விடை தெரிஞ்சிருக்கு. என் கையெழுத்து வேற வேணுமா பக்கத்துல?"

ஜூலை 26, சனி

சொல்லவில்லை. ஒத்திகைக்கு என்ன உடுத்தலாம் என்று என்னைக் கேட்டாள். என்னை! நீலம் என்றேன். இன்னும் ஒரு நாள். ஒரே ஒரு நாள் மட்டும்.

ஜூலை 27, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காலை பத்து மணிக்கு, அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது. நல்ல நேரம் பார்த்துச் சொல்ல இதற்கு எங்கே நல்ல நேரம்?

முழுவதும் கேட்டாள். துண்டு தோளிலேயே இருந்தது.

"ஏழாம் நம்பர் நான்னு நெனச்ச."

"ஆமா."

"நான்னு நெனச்சதும் குறைச்ச."

"பாசத்துல கூடப் போட்டுட்டமோன்னு பயந்து—"

"நான்னு நெனச்சா உனக்குக் குறைக்கத்தான் தோணுமாம்மா?"

இருபத்திரண்டு வருஷமா அதைத்தானே செஞ்சிருக்கேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தட்டிக்கொடுப்பேன். இவளுக்கு மட்டும் ஒரு படி மேல, இன்னும் ஒரு படி மேலன்னு... வெளியே யாரும் என் பெண்ணைக் குறை சொல்லிவிடக் கூடாதென்று, முதல் ஆளாக நானே சொல்லிவிடுவேன்.

"என் குரல் உனக்குத் தெரியலைங்கறதுல சந்தோஷப்பட்டேன் பாரு" என்றாள், "அத நெனச்சாத்தான் அசிங்கமா இருக்கு. வீடு பூரா பாடிட்டுத் திரிஞ்சேன்."

"நீ பாடினது நிஜம்டி. நான் அழுதது நிஜம்."

"யாரோ ஒருத்திக்குத்தானே அழுத."

துண்டை எடுத்து மடித்துக்கொண்டே, ரொம்ப நிதானமாக: "நாளைக்குப் போய்ச் சொல்லிரு. இல்லன்னா நான் சொல்லுவேன். அது அவளுக்குச் சேர வேண்டியது. என் பிள்ளை மாதிரி சொல்லிக்கொடுத்திருக்கேன் அவளுக்கு. ஒரு நாள்கூட குறை சொல்லாம."

கடைசி வார்த்தையை எனக்கென்று சொன்னாளா, தானாக வந்ததா, தெரியவில்லை.

ஜூலை 28, திங்கள்

கடிதம் கொடுத்தேன். இயக்குநர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "யாருக்குமே தெரியாத விஷயம் மேடம். நீங்களா ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கிறீங்க? பொண்ணு வேற நல்லாத்தான் பாடியிருக்கா."

"நல்லாப் பாடினதுதான் சார் கஷ்டமே."

ஜூலை 30, புதன்

என் மார்க்குகளை நீக்கிவிட்டு மற்ற இருவர் போட்டதை மட்டும் கூட்டினார்கள். சுவர்க்கோழி முதலிடம். நடுவர் மேஜையும் குழுவுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இனி எனக்கில்லை. அரங்க முன்பதிவு, சாவி, நாற்காலிக் கணக்கு, இவை என் பொறுப்பு. புதிய அறிவிப்பை ஒட்டியது நான்தான். பசை விரலில் காய்ந்து உரிந்தது.

பின்வரிசையில் நிற்க என் பெண்ணைக் கேட்டிருக்கிறார்கள். வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடுதிக்குப் போகிறாள். "படிக்க வசதியா இருக்கும்" என்றாள். சண்டை இல்லை, கதவை அறையவில்லை. அறைந்திருக்கலாம்.

புத்தகங்களை நான் அடுக்கிக்கொடுத்தேன். பெரியது அடியில், சின்னது மேலே என்று எடுத்து மாற்றி வைத்தேன். பழக்கதோஷம். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அறையை விட்டு வெளியே வந்ததும் மறுபடி பழையபடி மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது.

இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். "பத்து நிமிஷ நடை தூரம்தானே. என்னமோ கப்பலேத்தி அனுப்பற மாதிரி ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க." திரும்பி வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அவள் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 9, சனி

மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அரங்கச் சாவி வாங்கச் சுவர்க்கோழி வந்தாள். இத்தனை நாளும் வேறு யாரையாவது அனுப்பிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"உங்க பொண்ணுன்னு நெனச்சுக் குறைச்சீங்க. புரியுது மேடம்" என்றாள். "ஆனா நான் யாரோ ஒருத்தியாத்தானே திரைக்குப் பின்னாடி நின்னேன். அதுக்குத்தானே அந்தத் திரை?"

"ஆமாம்மா."

"ஒரு வாரம் ராப்பகலா 'உள்ளேயிருந்து'ன்னா என்னன்னு யோசிச்சேன். நெஞ்சுல கைய வச்சு, வயித்துல கைய வச்சு. ரூம்ல எல்லாரும் பேய் புடிச்சிருச்சுன்னே நெனச்சாங்க."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

"உள்ளே எந்தக் குறையும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "அக்கா இப்பவும் சாயங்காலம் வர்றாங்க மேடம். எனக்குச் சொல்லிக்குடுக்கறாங்க. அவங்க மட்டும் பாடறதில்ல. வாயால தாளம் சொல்றாங்க, கையால காட்டறாங்க. பாடிக் காட்டுங்கக்கான்னா, தொண்டை சரியில்லைங்கறாங்க."

செப்டம்பர் 13, சனி

கலைவிழா. கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்தேன்.

விளக்கு சுவர்க்கோழிமேல் விழுந்தது. ஒலிபெருக்கியில் முதலில் வந்தது அந்த மூச்சு. மூக்கால் சின்னதாக, ஒரு கணம் நிறுத்தி. அரங்கமே அவளோடு சேர்ந்து மூச்சை நிறுத்திய மாதிரி இருந்தது. அப்புறம் பாட்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜூலை பதினெட்டிலும் இருக்கவில்லை.

மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால், தண்ணீர்ப் பாட்டிலோடு என் பெண் நின்றிருந்தாள். கடைசி வரிசையிலிருந்து அரை முகம்தான் தெரிந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும். குரல் மட்டும் வரவில்லை.

முதல் பரிசு. கூட்டம் எழுந்து நின்றது. எனக்குமுன் நின்றவர்களின் முதுகுகளுக்கு நடுவே, அவர்கள் இருவரும் கட்டிக்கொண்டதைத் துண்டு துண்டாகப் பார்த்தேன். அருகில் போகவில்லை. போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? நல்லா சொல்லிக்கொடுத்திருக்கே என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் குறைதான் முதலில் வாயில் வருகிறது. நிறை ஒரு மணி நேரம் தாமதம்.

அக்டோபர் 22, புதன்

என் பிறந்தநாளுக்குப் போன் செய்தாள். இரண்டு நிமிடம். "நல்லா இருக்கியாம்மா." நன்றாக இருக்கிறேன் என்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

குளிர் ஆரம்பித்துவிட்டது. கம்பளிச் சட்டைகள் எடுக்க வந்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவை. இளைத்திருக்கிறாள். சொல்லவில்லை. முடியை வெட்டியிருக்கிறாள். அதையும் சொல்லவில்லை. "சாப்பிட்டுட்டுப் போயேன்" என்று மட்டும் சொன்னேன். சரி என்றாள்.

மேஜைமேல் எதையோ வைத்தாள். பன்னிரண்டாம் நம்பர் டோக்கன். "ஆபீஸ்ல சேர்த்துரு. அக்கா பாவம், இன்னும் தேடிட்டிருப்பாங்க."

"உன்கிட்டயே இருக்கட்டுமே."

"எதுக்கும்மா." கோபமே இல்லாத குரல். "விடுதியில வெந்நீர் வரல. குளிச்சுட்டு வரேன்."

நான் அடுப்படியில் இருந்தேன். குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே ஏதோ இழை. முதலில் குழாய் முனகுகிறது என்றுதான் நினைத்தேன். இல்லை. தாழ்ந்த, கொஞ்சம் கரகரத்த குரல். இந்தத் தடவை தெரிந்தது.

நன்றாகக் கேட்க வேண்டுமே என்று அடுப்பை அணைத்தேன். கரண்டியை ஓசையில்லாமல் வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு நின்றுவிட்டது.

அடுப்படியில் சத்தம் நின்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். சத்தம் நிற்கும், அடுத்து "சுருதி!" வரும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அதற்குத்தான் காத்துக்கொண்டு நிற்கிறாள்.

குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எல்லாம் திரும்பத் தொட்டியில் போட்டு, தட்டோடு தட்டு மோத, மூடிகள் உருள, பலமாகத் தேய்க்க ஆரம்பித்தேன். இவர் எட்டிப் பார்த்தார். "அதெல்லாம் கழுவினதுதானேம்மா?" வாயில் விரல்வைத்துக் காட்டினேன். ஒரு கணம் நின்றார். பிறகு டி.வி.யின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

கை விறைக்கும்வரை கழுவினேன். அவள் திரும்பப் பாடினாளா என்று எனக்குத் தெரியாது.